தங்கக் குரோனோகிராஃப் கைக்கடிகாரம்: கருவியும் அணிகலனும்

குரோனோகிராஃப் என்பது மணி காட்டுவதோடு, ஒரு செயல் தொடங்கி முடியும் வரை கடந்த நேரத்தையும் தனியே அளந்து காட்டும் கடிகாரம். பள்ளி ஆய்வகத்தில் பயன்படும் நிறுத்துக் கடிகாரமும் வழக்கமான கைக்கடிகாரமும் ஒரே கூட்டுக்குள் அமைந்தது என்று இதைச் சொல்லலாம். குதிரைப் பந்தயம், பீரங்கிப் படை, மருத்துவம், மோட்டார் பந்தயம், விண்வெளிப் பயணம் என நேரத்தை நொடிக் கணக்கில் அளக்க வேண்டிய துறைகளில் பயன்பட்ட வேலைக் கருவி இது.

வேலைக் கருவியை எஃகில் செய்வதே இயல்பு. ஆயினும் 20ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்துக் கடிகாரக்காரர்கள் இந்தக் கருவியைத் தங்கத்திலும் பெருமளவில் செய்தார்கள். அவற்றில் எஞ்சியவை இன்று உலகெங்கும் தேடி வாங்கப்படுகின்றன. தங்கம் என்பதால்தான் இந்த மதிப்பு என்று முதல் பார்வையில் தோன்றும். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. இவற்றின் மதிப்பு உள்ளே இருக்கும் வேலைப்பாட்டில் இருந்தது. வெளியே இருந்த தங்கமோ ஒரு கட்டத்தில் இவற்றின் அழிவுக்கே காரணமானது. அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் தொடக்கமும்

கிரேக்க மொழியில் குரோனோஸ் என்றால் காலம். கிராஃபேன் என்றால் எழுதுதல். எனவே குரோனோகிராஃப் என்ற சொல்லுக்குக் 'காலத்தை எழுதுவது' என்று பொருள். தொடக்கத்தில் இந்தக் கருவி உண்மையாகவே எழுதியது. பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் நிக்கோலா ரியுசெக், 1821இல் பாரிஸ் நகரின் ஷாம் தெ மார்ஸ் திடலில் நடந்த குதிரைப் பந்தயத்தில் தம் கருவியைப் பயன்படுத்தினார். சுழலும் முகப்பின் மீது, ஒவ்வொரு குதிரையும் எல்லையைக் கடக்கும் கணத்தில், ஒரு முனை மைப்புள்ளி வைத்தது. பந்தயம் முடிந்ததும் புள்ளிகளைப் பார்த்து ஒவ்வொரு குதிரையின் நேரத்தையும் கணக்கிட முடிந்தது. 1822இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

ரியுசெக்தான் இத்துறையின் முன்னோடி என்று நீண்ட காலம் கருதப்பட்டது. 1816இல் லூயி மொய்னே செய்து முடித்த ஒரு கருவி 2013இல் பொதுவெளியில் அறிவிக்கப்பட்ட பிறகு அந்தக் கருத்து மாறியது. வானியல் நோக்கீடுகளுக்காகச் செய்யப்பட்ட அந்தச் சட்டைப்பை அளவுக் கருவி, ஒரு நொடியை 60 பங்காகப் பிரித்துக் காட்டியது. ஆகவே முதல் குரோனோகிராஃபைச் செய்தவர் மொய்னே என்றும், பெயருக்கேற்ப எழுதும் கருவியைத் தந்தவர் ரியுசெக் என்றும் இன்று வேறுபடுத்திச் சொல்கிறார்கள்.

அடுத்த தேவை, அளந்து முடித்த முள்ளை மீண்டும் தொடக்க இடத்துக்குக் கொண்டுவருவது. 1844இல் அடோல்ஃப் நிக்கோல் காப்புரிமை பெற்ற இதய வடிவத் தகடு இதற்கு வழி செய்தது. முள்ளின் அச்சில் பொருத்திய அத்தகட்டை ஒரு சிறு சுத்தி அழுத்தும். தகடு எந்த நிலையில் நின்றிருந்தாலும் வழுக்கிச் சுழன்று, இதயத்தின் பள்ளமான பகுதியில் சுத்தி அமரும். அந்தக் கணத்தில் முள் சுழியத்தில் நிற்கும். ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்குப் பிறகும் இயந்திரக் குரோனோகிராஃபுகள் இந்த ஏற்பாட்டையே பயன்படுத்துகின்றன.

மணிக்கட்டுக்கு வந்த கருவி

19ஆம் நூற்றாண்டு முழுவதும் குரோனோகிராஃப் சட்டைப்பைக் கடிகாரமாகவே இருந்தது. ஆண்கள் கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டும் வழக்கம் முதல் உலகப் போர்க் காலத்தில்தான் பரவியது. பதுங்குகுழியில் துப்பாக்கியோ தொலைநோக்கியோ பிடித்திருப்பவர், பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துத் திறந்து பார்க்க முடியாது. கையிலேயே கட்டியிருந்தால் ஒரு பார்வை போதும்.

இந்த மாற்றத்துக்குச் சற்று முன்பே லோன்ஜின் நிறுவனம் 1913இல் கைக்கடிகாரத்துக்கென்றே 13.33இசட் என்னும் குரோனோகிராஃப் இயந்திரத்தை உருவாக்கியிருந்தது. அக்காலத்துக் குரோனோகிராஃபுகளில் ஒரே பொத்தான்தான் இருந்தது. முதல் அழுத்தத்தில் முள் ஓடும், இரண்டாவதில் நிற்கும், மூன்றாவதில் சுழியத்துக்குத் திரும்பும். இந்த வரிசையை மாற்ற முடியாது. பிரைட்லிங் நிறுவனம் 1915இல் பொத்தானைச் சாவித் திருகிலிருந்து பிரித்து 2 மணி நிலைக்குக் கொண்டுவந்தது. 1934இல் முள்ளைச் சுழியத்துக்குத் திருப்புவதற்கென்றே இரண்டாவது பொத்தானையும் சேர்த்தது. அதன் பிறகு முள்ளை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடவைக்க முடிந்தது. கால்பந்து ஆட்டம் போல் இடையிடையே நின்று தொடரும் நிகழ்வுகளை அளப்பது இதனால் எளிதானது. வலப்புறம் நடுவில் திருகு, அதன் மேலும் கீழும் ஒவ்வொரு பொத்தான் என்று இன்று நாம் காணும் தோற்றம் அப்போது நிலைபெற்றது.

முகப்பில் எழுதியிருக்கும் தொழில்கள்

பழைய குரோனோகிராஃபின் முகப்பைச் சுற்றி நெருக்கமாக எண்கள் இருக்கும். அவை அலங்காரத்துக்காக அச்சிட்டவை அல்ல. எந்தத் தொழில் செய்பவருக்காக அக்கடிகாரம் செய்யப்பட்டது என்பதை அவை சொல்லும்.

டாக்கிமீட்டர் என்பது வேகம் காட்டும் அளவுகோல். சாலையில் 1 கிலோமீட்டர் கல்லைக் கடக்கும்போது பொத்தானை அழுத்தி, அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் நிற்கும் இடத்தில் உள்ள எண்ணே மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைச் சொல்லும். ஒரு மணி நேரத்தில் உள்ள 3600 நொடிகளை, ஆன நொடிகளால் வகுத்துக் கிடைக்கும் விடைகளையே அந்த இடங்களில் எழுதியிருக்கிறார்கள். 30 நொடி ஆனால் வேகம் 120. 45 நொடி ஆனால் 80.

டெலிமீட்டர் என்பது தொலைவு காட்டும் அளவுகோல். ஒளி உடனே தெரியும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். எதிரியின் பீரங்கி மின்னும்போது அழுத்தி, முழக்கம் கேட்கும்போது நிறுத்தினால் தொலைவு தெரிந்துவிடும். சுமார் 3 நொடிக்கு 1 கிலோமீட்டர் என்பது கணக்கு. இடியும் மின்னலும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்று அறியவும் இதே முறை உதவும்.

பல்சோமீட்டர் மருத்துவருக்கானது. முகப்பில் 30 துடிப்பு என்று குறித்திருந்தால், நாடியைப் பிடித்து 30 துடிப்பு எண்ணி முடித்ததும் நிறுத்த வேண்டும். முள் காட்டும் எண்ணே நிமிடத்துக்கான நாடித் துடிப்பு. பெருக்கலோ வகுத்தலோ தேவையில்லை.

கணிப்பொறியும் கால்குலேட்டரும் கைக்கு வராத காலத்தில், கணக்கை முன்கூட்டியே போட்டு முகப்பில் எழுதி வைத்த இந்த ஏற்பாடு பெரிய வசதி. ஒரு தங்கக் கடிகாரத்தின் முகப்பில் பல்சோமீட்டர் அளவுகோல் இருந்தால், அது மருத்துவர் ஒருவரின் கைக்காகவே செய்யப்பட்டது என்று ஊகிக்கலாம்.

உள்ளே நடப்பது என்ன?

சாவி கொடுக்கும்போது சுருள்வில் இறுகுகிறது. அது தளரும் விசையைப் பற்சக்கரங்கள் கடத்துகின்றன. பேலன்ஸ் சக்கரம் முன்னும் பின்னும் ஆடி அந்த ஓட்டத்தைச் சம அளவுகளாக வெட்டுகிறது. இதுவரை எல்லா இயந்திரக் கடிகாரங்களுக்கும் பொது. குரோனோகிராஃபில் இதன் மேல் இன்னொரு தளம் உண்டு. பொத்தானை அழுத்தியதும் ஒரு நெம்புகோல், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தை நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தோடு இணைக்கிறது. கடிகாரத்தின் நடையைக் குலைக்காமல் இந்த இணைப்பு நிகழ வேண்டும். இதுவே மிகக் கடினமான பகுதி.

எந்த நெம்புகோல் எப்போது அசைய வேண்டும் என்று தீர்மானிப்பது தூண் சக்கரம். ஒரு சிறிய பல்லுச் சக்கரத்தின் மேல் கோட்டைக் கொத்தளம்போல் தூண்கள் நிற்கும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அது ஒரு படி நகரும். நெம்புகோலின் நுனி தூணின் மேல் ஏறும், அல்லது இரு தூண்களுக்கு இடையே விழும். ஒரே உலோகத் துண்டிலிருந்து இச்சக்கரத்தைக் கடைந்து எடுக்க நேரமும் செலவும் ஆகும். அதனால் 1937இல் வெளிவந்த லான்டெரான் 48 என்ற இயந்திரம், தூண் சக்கரத்துக்குப் பதிலாகத் தகட்டில் வெட்டிய எளிய உறுப்பைப் பயன்படுத்தியது. விலை குறைந்தது. குரோனோகிராஃப் நடுத்தர வருமானக்காரர்களுக்கும் எட்டியது.

அக்காலத்து இயந்திரங்கள் பலவும் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு 5 முறை துடித்தன. ஆகவே அவை அளக்கக்கூடிய மிகச் சிறிய பகுதி ஐந்தில் ஒரு நொடி. பழைய முகப்புகளில் ஒவ்வொரு நொடிக்கும் இடையே நான்கு சிறு கோடுகள் இருப்பதன் காரணம் இதுவே.

ஏன் தங்கம்?

கடிகாரக் கூடுகளுக்குப் பயன்படும் தங்கம் பெரும்பாலும் 18 காரட். நம் ஊர் நகைக்கடைகளில் 916 என்று முத்திரையிட்ட 22 காரட் நகையில் 1000 பங்குக்கு 916 பங்கு தங்கம். 18 காரட்டில் 750 பங்கு. மீதியில் வெள்ளியும் செம்பும் சேரும். செம்பு மிகுந்தால் நிறம் இளஞ்சிவப்பாகும். 22 காரட் மென்மையானது. கடிகாரக் கூட்டின் மூடியும் பொத்தான் துளைகளும் வடிவம் மாறாமல் இருக்க 18 காரட்டின் உறுதி தேவைப்பட்டது. அப்படியிருந்தும் எஃகோடு ஒப்பிட்டால் அது மென்மைதான். எளிதில் கீறல் விழும்.

சுவிட்சர்லாந்தில் 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அரசு முத்திரை முறை வந்தது. 18 காரட் கூட்டில் ஹெல்வெசியா என்னும் பெண்ணின் தலையும், 14 காரட் கூட்டில் அணிலும் முத்திரையாக இருக்கும். 1995 முதல் இவற்றுக்குப் பதிலாக செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை பயன்படுகிறது. பிரான்சில் 18 காரட்டுக்குக் கழுகுத் தலை. பழைய கடிகாரத்தின் பின்மூடிக்குள்ளோ, வாரைப் பிடிக்கும் கொம்புகளின் மீதோ இந்த முத்திரைகளைக் காணலாம்.

எஃகைவிட மென்மையான, விலை மிகுந்த உலோகத்தில் ஒரு கருவியைச் செய்ததற்குச் சில காரணங்கள் உண்டு. தங்கம் துருப்பிடிக்காது, வியர்வை பட்டாலும் அரிக்காது. துருப்பிடிக்காத எஃகு 1930களில்தான் கடிகாரக் கூடுகளில் பரவலானது. அதற்கு முன் நீடித்து நிற்கும் கூடு வேண்டுமென்றால் தங்கத்துக்கு முதலிடம் இருந்தது. அடுத்து, கடிகாரம் வாழ்க்கையின் முக்கியத் தருணங்களில் தரப்படும் பரிசாக இருந்தது. பட்டம் பெறும்போதும், திருமணத்தின்போதும், பணி ஓய்வு பெறும்போதும் தங்கக் கடிகாரம் அளிக்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தது. பின்மூடியில் பெயரும் நாளும் பொறித்துக் கொடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் வேறொரு வகையும் சந்தைக்கு வந்தது. முகப்பில் நிறுவனப் பெயருக்குப் பதிலாக 'குரோனோகிராஃப் சுவிஸ்' என்று மட்டும் எழுதிய கடிகாரங்கள் அவை. பார்வைக்குப் பெரிய 18 காரட் கூடு. உள்ளே லான்டெரான் போன்ற சிக்கனமான இயந்திரம். கூடு மெல்லிய தங்கத் தகட்டால் ஆனது. குறைந்த தங்கத்தில் நிறைந்த தோற்றம் என்பதே அதன் உத்தி. சுற்றுலாப் பயணிகளும் நாடு திரும்பும் படைவீரர்களும் இவற்றை வாங்கிச் சென்றார்கள். தங்கக் குரோனோகிராஃப் செல்வந்தர் வீட்டுப் பொருள் மட்டுமாக இருந்ததில்லை என்பதற்கு இவை சான்று.

பட்டேக் பிலிப் 1518: தங்கத்தை விஞ்சிய எஃகு

ஜெனிவாவின் பட்டேக் பிலிப் நிறுவனம் 1941இல் 1518 என்ற எண்ணுள்ள கடிகாரத்தை அறிமுகப்படுத்தியது. நிரந்தர நாள்காட்டியும் குரோனோகிராஃபும் ஒன்றாக அமைந்து, வரிசையாகத் தயாரிக்கப்பட்ட முதல் கைக்கடிகாரம் இது. நிரந்தர நாள்காட்டி 30 நாள், 31 நாள் மாதங்களையும் லீப் ஆண்டின் பிப்ரவரி 29ஐயும் தானே அறிந்து தேதியை மாற்றும். நிலவின் வளர்பிறை தேய்பிறையையும் முகப்பு காட்டியது. 1954 வரை மொத்தம் 281 கடிகாரங்களே செய்யப்பட்டன. பெரும்பாலானவை மஞ்சள் தங்கம். சில இளஞ்சிவப்புத் தங்கம். எஃகில் அறியப்பட்டவை 4 மட்டுமே.

2016 நவம்பரில் ஜெனிவாவில் நடந்த ஏலத்தில், அந்த எஃகுக் கடிகாரங்களில் ஒன்று 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. அதே 1518இன் தங்க வடிவங்கள் அதுவரை எட்டியிராத விலை அது. எடைக்கு எடை பார்த்தால் எஃகுக்குத் தங்கத்தின் அருகில்கூட நிற்க முடியாது. ஆனால் இயந்திரம் ஒன்றே. அரிய வடிவம் எது என்பதே விலையைத் தீர்மானித்தது.

நகை வாங்குபவர் அறிந்த ஒரு வழக்கு உண்டு. நகையைத் திரும்ப விற்றால் தங்கத்தின் விலை கிடைக்கும். செய்கூலியும் சேதாரமும் கிடைக்காது. நல்ல பழைய குரோனோகிராஃபின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அங்கே விலையின் பெரும்பகுதி செய்கூலிக்கு உரியது; தங்கம் அதில் சிறு பங்கு.

1969: விண்வெளி வீரர்களுக்குத் தங்கம்

கருவி, அணிகலன் என்ற இரு தன்மைகளும் மிகத் தெளிவாகச் சந்தித்த ஆண்டு 1969. ஒமேகா நிறுவனம் 1957இல் மோட்டார் பந்தயத்தை மனத்தில் வைத்து ஸ்பீட்மாஸ்டர் என்ற எஃகுக் குரோனோகிராஃபை வெளியிட்டிருந்தது. டாக்கிமீட்டர் அளவுகோலை முகப்பிலிருந்து எடுத்து வெளி வளையத்தில் வைத்தது அதன் புதுமை. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, வெப்பம், குளிர், அதிர்வு, வெற்றிடம் உள்ளிட்ட சோதனைகளுக்குப் பிறகு 1965 மார்ச்சில் இதை மனிதப் பயணங்களுக்கு ஏற்றது என்று அறிவித்தது.

1969 ஜூலையில் அப்போலோ 11 நிலவில் இறங்கியது. நிலவுக் கலத்தில் இருந்த நேரங்காட்டி பழுதானதால், ஆம்ஸ்ட்ராங் தம் கடிகாரத்தைக் கலத்திலேயே விட்டுச் சென்றார். நிலவின் தரையில் ஸ்பீட்மாஸ்டரை அணிந்து நடந்தவர் ஆல்ட்ரின். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அப்போலோ 13 கலம் பழுதானபோது, பூமிக்குத் திரும்பும் பாதையைத் திருத்த இயந்திரத்தை 14 நொடி இயக்க வேண்டியிருந்தது. அந்த 14 நொடியை அளந்ததும் ஒரு ஸ்பீட்மாஸ்டரே. அவை எல்லாம் எஃகால் ஆன, கையால் சாவி கொடுக்கும் கடிகாரங்கள்.

அந்த வெற்றியைக் கொண்டாட ஒமேகா தேர்ந்தெடுத்தது தங்கம். 1969 நவம்பர் 25 அன்று ஹூஸ்டன் நகரில் விண்வெளி வீரர்களுக்கு ஒரு விருந்து நடந்தது. 18 காரட் மஞ்சள் தங்கத்தில், அடர் சிவப்பு வளையத்தோடு செய்த ஸ்பீட்மாஸ்டர்கள் அங்கே அளிக்கப்பட்டன. கூடு, முகப்பு, வார் எல்லாமே தங்கம். ஒவ்வொன்றின் பின்புறமும் எண் இட்டு, வீரரின் பெயரும் அவர் சென்ற பயணங்களும் பொறிக்கப்பட்டிருந்தன. பயிற்சியிலும் விபத்திலும் உயிரிழந்த வீரர்களின் நினைவாகவும் கடிகாரங்கள் அளிக்கப்பட்டன. 1967 ஜனவரியில் அப்போலோ 1 கலத்தின் தீயில் இறந்த மூவரும் அவர்களில் அடங்குவர்.

முதல் எண்ணுள்ள கடிகாரம் குடியரசுத் தலைவர் நிக்சனுக்கும், இரண்டாம் எண் துணைத் தலைவர் அக்னியூவுக்கும் என்று ஒதுக்கப்பட்டன. அரசுப் பதவியில் இருப்பவர் ஏற்கத்தக்க பரிசின் அளவை மீறியவை என்பதால் இரண்டும் மறுக்கப்பட்டன. 1973 வரை இவ்வகையில் மொத்தம் 1,014 கடிகாரங்கள் செய்யப்பட்டன. பெரும்பாலானவை பொதுமக்களுக்கு விற்கப்பட்டன.

நிலவுக்குச் சென்றது எஃகு; நினைவுக்காக வந்தது தங்கம். தங்கக் குரோனோகிராஃபின் இயல்பை இந்த இணையைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு இல்லை. 14 நொடி போன்ற சிறு நேரங்களை அளக்கும் கருவியை, தலைமுறை கடந்து நிற்கும் உலோகத்தில் செய்து, நடந்து முடிந்த ஒரு சாதனையை அதில் எழுதி வைத்தார்கள்.

அதே ஆண்டில் வந்த போட்டி

1969ஆம் ஆண்டு இயந்திரக் குரோனோகிராஃபின் உச்சம். கையசைவாலேயே சாவி ஏறிக்கொள்ளும் தானியங்கிக் குரோனோகிராஃபுகள் அவ்வாண்டில்தான் வந்தன. செனித் நிறுவனம் ஜனவரியில் எல் பிரிமேரோவை அறிவித்தது. அது நொடிக்கு 10 முறை துடித்து, பத்தில் ஒரு நொடியை அளந்தது. ஹோயர், பிரைட்லிங் முதலிய நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கியது மார்ச்சில் வந்தது. ஜப்பானின் சீகோவும் தன் தானியங்கிக் குரோனோகிராஃபை அதே ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் அதே சீகோ, 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் ஆஸ்ட்ரான் என்ற கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. உலகில் கடைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அது. மின்கலத்தால் இயங்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. மாதத்துக்கு 5 நொடிக்குள்தான் பிழை. அதன் கூடும் 18 காரட் தங்கமே. விலை 4,50,000 யென். அக்காலத்தில் ஒரு சிறிய கார் வாங்கும் தொகை அது. தங்க இயந்திரக் கடிகாரங்களின் காலத்தை முடித்துவைத்த கருவியும் தங்க உடையிலேயே வந்தது.

சில ஆண்டுகளில் குவார்ட்ஸ் கடிகாரத்தின் விலை மளமளவென்று சரிந்தது. மலிவான கடிகாரம் துல்லியத்தில் பெரிய சுவிஸ் இயந்திரங்களை வென்றது. 1970இல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுவில் சுமார் 30,000 பேரே எஞ்சினர். பள்ளத்தாக்குகளில் தலைமுறையாகத் தொழில் செய்த குடும்பங்கள் பட்டறையை மூடின.

உலைக்குப் போன கூடுகள்

இதே காலத்தில் தங்கத்தின் விலை ஏறியது. நாடுகளுக்கிடையே ஓர் அவுன்சுக்கு 35 டாலர் என்று பல பத்தாண்டுகளாக நிலைத்திருந்த விலை முறையை, 1971 ஆகஸ்டில் நிக்சன் அரசு முடிவுக்குக் கொண்டுவந்தது. பிறகு சந்தை விலை உயர்ந்து, 1980 ஜனவரி 21 அன்று அவுன்சுக்கு 850 டாலரைத் தொட்டது.

ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். ஒரு கூட்டில் 20 கிராம் 18 காரட் தங்கம் இருந்தால், அதில் தூய தங்கம் 15 கிராம். ஓர் அவுன்சு என்பது சுமார் 31.1 கிராம். 35 டாலர் விலையில் அந்தக் கூட்டின் தங்கம் சுமார் 17 டாலர். 850 டாலர் விலையில் சுமார் 410 டாலர். மறுபுறம், உள்ளே இருந்த இயந்திரத்தை அன்று விரும்பி வாங்குவோர் மிகக் குறைவு. பழுது பார்க்கக் கூலி கூடுதல்; துல்லியமோ குவார்ட்ஸைவிடக் குறைவு.

பழைய நகையைக் கடையில் போடும்போது கல்லை நீக்கிவிட்டு எடை போடுவதுபோல, இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கூட்டை மட்டும் தராசில் வைத்தார்கள். கூடு உலைக்குப் போனது. இயந்திரம் பழுதுபார்ப்போரின் பெட்டிக்குள் உதிரிப் பொருளானது. கூடில்லாத நல்ல இயந்திரங்கள் இன்றும் பழம்பொருள் சந்தைகளில் கிடைக்கக் காரணம் இதுவே. எஃகுக் கடிகாரத்தை உருக்குவதால் யாருக்கும் ஆதாயம் இல்லை. தங்கக் கடிகாரத்துக்கு மட்டுமே இந்த ஆபத்து இருந்தது.

மறைத்து வைக்கப்பட்ட கருவிகள்

கூடுகள் உருகியதுபோல, இயந்திரம் செய்யும் அறிவும் அழியும் நிலை வந்தது. செனித் நிறுவனம் 1971இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. 1975இல் அந்த நிர்வாகம், இனி குவார்ட்ஸ் மட்டுமே, இயந்திரக் கடிகாரம் செய்யும் கருவிகளைப் பழைய இரும்பாக விற்றுவிடுங்கள் என்று உத்தரவிட்டது. லெ லோக்ல் பட்டறையில் பணியாற்றிய ஷார்ல் வெர்மோ இதை எதிர்த்து எழுதினார். பயன் இல்லை. பிறகு அவர் எல் பிரிமேரோ செய்வதற்கான அச்சுகளையும் வெட்டுக் கருவிகளையும் சிறிது சிறிதாகக் கட்டடத்தின் பரணுக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்தார். எந்தக் கருவி எதற்கு என்று குறிப்புகளும் எழுதி வைத்தார்.

1980களில் இயந்திரக் குரோனோகிராஃபுக்கு மறுபடி தேவை ஏற்பட்டது. 1984இல் வெர்மோ மறைத்த கருவிகள் வெளியே எடுக்கப்பட்டன. உற்பத்தி மீண்டும் தொடங்கியது. எபெல் நிறுவனம் தன் குரோனோகிராஃபுகளில் இந்த இயந்திரத்தைப் பயன்படுத்தியது. 1988இல் ரோலக்ஸ் தன் தானியங்கி டேட்டோனா கடிகாரத்துக்கு, எஃகு வடிவத்துக்கும் தங்க வடிவத்துக்கும், இதையே அடிப்படையாகக் கொண்டது. தங்கத்தைப் பாதுகாக்க உலகில் எத்தனையோ பெட்டகங்கள் உண்டு. வெர்மோ பரணில் ஏற்றியதோ பழைய இரும்பு விலைக்குப் போகவிருந்த கருவிகள்.

இன்று ஈர்ப்பது எது?

பழைய தங்கக் குரோனோகிராஃபைக் கையில் எடுப்பவர் முதலில் உணர்வது அதன் எடையையும் மங்கிய நிறத்தையும். அடுத்து பொத்தானின் அழுத்தம். தூண் சக்கரம் ஒரு படி நகர்வதை விரல் நுனி உணரும். முள் ஓடும், நிற்கும், ஒரே துள்ளலில் சுழியத்துக்குத் திரும்பும். மின்கலம் எதுவும் இல்லாமல், ஒரு சுருள்வில்லின் விசையால் இவ்வளவும் நடக்கின்றன.

இத்துறையை அறிந்தவர்கள் தங்கத்தின் பளபளப்பைத் தேடுவதில்லை. அடிக்கடி மெருகு போட்ட கூட்டில் விளிம்புகள் மழுங்கியிருக்கும்; ஹெல்வெசியா முத்திரை தேய்ந்திருக்கும். ஒவ்வொரு மெருகும் கொஞ்சம் தங்கத்தையும் கொஞ்சம் வடிவத்தையும் எடுத்துவிடுகிறது. ஆகவே கீறலோடு இருந்தாலும் கூர்மையான விளிம்புள்ள கூடே உயர்வாகக் கருதப்படுகிறது. முகப்பும் அப்படியே. புதிதாக வண்ணம் பூசிய முகப்பைவிட, வயதால் பழுப்பேறிய அசல் முகப்புக்கே மதிப்பு. பின்மூடியில் யாருடைய பெயராவது பொறித்திருந்தால் ஒரு காலத்தில் அதைக் குறை என்று சுரண்டி நீக்கினார்கள். இன்று அது அக்கடிகாரத்தின் வரலாறாக மதிக்கப்படுகிறது.

முடிவுரை

நொடியை அளக்கப் பிறந்த கருவிக்குத் தங்கக் கூடு கட்டியது 20ஆம் நூற்றாண்டின் பரிசு வழக்கமும் பெருமித உணர்வும். அந்தத் தங்கமே 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை உலைக்கு அனுப்பியது. இன்று நம் முன் இருப்பவை, எடைக்கு விற்க வேண்டாம் என்று யாரோ ஒருவர் முடிவு செய்ததால் தப்பியவை. அவருக்கு அது தந்தையின் கடிகாரமாக இருந்திருக்கலாம்; அல்லது அந்த முள் துள்ளித் திரும்புவதைப் பார்க்கும் ஆசையாக இருந்திருக்கலாம்.

தங்கத்தின் விலை மீண்டும் மீண்டும் புதிய உச்சங்களைத் தொடும் இக்காலத்தில் அதே கேள்வி மறுபடி எழுகிறது. பழைய தங்கக் கடிகாரம் ஒன்று எவர் கையிலாவது இருந்தால், தராசுக்குக் கொண்டுபோகும் முன் அனுபவமுள்ள கடிகாரப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்வது நல்லது. உருக்கிய கூட்டை மறுபடி செய்ய முடியாது.